கோழி எருவா, தொழு உரமா, கிடையா? மண்ணில் சேரும் உலோகத்தை வைத்து ஓர் ஒப்பீடு

வருஷா வருஷம் கோழி எரு அடிக்கிறோம், மண்ணில் கன உலோகம் (துத்தநாகம், தாமிரம், ஈயம், காட்மியம் போன்றவை) சேர்ந்துவிடும் என்கிறார்களே, நிறுத்திவிட்டு மாட்டுச் சாணத்துக்கே போய்விடலாமா என்று நாமக்கல், பல்லடம், ஈரோடு பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடவே இன்னும் சில கேள்விகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன: ஆட்டுக் கிடை போட்டால் (மந்தையை இரவில் வயலிலேயே அடைத்தால்) போதுமா, மாநகராட்சி இலவசமாகத் தரும் கம்போஸ்ட்டை வாங்கலாமா, எருவே வேண்டாம் என்று தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிரை விதைத்து மடக்கி உழுதுவிடலாமா.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எதுவுமே முழு விஷம் கிடையாது, எதுவுமே முழுச் சுத்தமும் கிடையாது. எந்த எரு என்பதைவிட ஏக்கருக்கு எத்தனை டன், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை, எந்த மண்ணில், எந்தப் பயிருக்கு என்பதுதான் கணக்கை மாற்றுகிறது. அந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

எருவில் எவ்வளவு என்பதைவிட ஏக்கரில் எவ்வளவு. ஒரு கிலோ எருவில் இத்தனை மில்லிகிராம் ஜிங்க் (துத்தநாகம்) என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. ஒரு ஏக்கரில் மேல்மண் அரை அடி ஆழத்துக்குத் தோராயமாக 8 லட்சம் கிலோ இருக்கும். அதில் ஒரு கிலோ உலோகம் கலந்தால் மண்ணில் அதன் அளவு கிலோவுக்கு 1.25 மில்லிகிராம் கூடும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் பெருக்கல்தான்.

உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு. தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போகும், தண்ணீரில் கரைந்து இறங்கும், பயிர் எடுக்கும். தாமிரமும் துத்தநாகமும் அப்படிப் போகாது, மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் எடுத்தால் அந்த நெல்லோடு வெளியே போகும் ஜிங்க் சுமார் 50 கிராம். வைக்கோலையும் விற்றுவிட்டால் எல்லாம் சேர்த்து 150 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நீங்கள் போடுவதெல்லாம் மண்ணின் கையிருப்புதான்.

மண்ணின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மை. அமில மண்ணில் இந்த உலோகங்கள் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சுண்ணாம்பு மண்ணில் அதே அளவு உலோகம் பூட்டிக்கிடக்கும். ஒரே லோடு எரு கொங்குப் பகுதியின் சுண்ணாம்பு நிலத்தில் ஒரு மாதிரியும் நீலகிரியின் அமில மண்ணில் வேறு மாதிரியும் நடந்துகொள்வது இதனால்தான்.

பயிர். கீரை வகைகள் காட்மியத்தை இலைக்கு இழுக்கும். நெல் வயலில் தண்ணீர் கட்டி நின்றால் ஆர்சனிக் கரையும், வயல் காய்ந்தால் காட்மியம் கரையும். எல்லாவற்றையும்விட நம் ஊருக்கு முக்கியமானது நிலக்கடலை. ஜிங்க் அதிகமானால் அதைத் தாங்காத பயிர்களில் கடலைதான் முன்வரிசை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூடவே வருவது என்ன. எரு என்றால் உலோகம் மட்டுமா? மணிச்சத்து (பாஸ்பேட்), சுண்ணாம்பு, உப்பு, களைவிதை, கண்ணாடித் துண்டு என்று எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. பல நிலங்களில் உலோகத்துக்கு முன்னால் வேறொன்று எல்லையைத் தாண்டிவிடும்.

அந்த மாடோ கோழியோ என்ன தின்றது என்று உங்களுக்குத் தெரியுமா? உலோகம் வருகிற வழி முக்கால்வாசி தீவனம்தான், அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

## கோழி எரு

நாமக்கல்லில் கூண்டுக்குக் கீழே குவிவது லேயர் (முட்டைக்கோழி) எரு, பல்லடம் பக்கம் பண்ணையைக் காலி செய்யும்போது கிடைப்பது நார்த்தூளோ உமியோ கலந்த பிராய்லர் (கறிக்கோழி) குப்பை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவார்கள், ஆனால் இரண்டும் ஒன்று கிடையாது.

ஜிங்க் எப்படி இத்தனை வருகிறது என்று பார்த்தால் விஷயம் எளிது. முட்டைக்கும் எலும்புக்கும் இறகுக்கும் ஜிங்க் வேண்டும் என்பதால் தீவனத்தில் கிலோவுக்கு 80, 100 மில்லிகிராம் என்று சேர்ப்பது சாதாரணம். கோழி அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பில் வைத்துக்கொள்ளும், பெரும்பகுதி எச்சத்தில் வந்துவிடும். 100 கிலோ தீவனம் தின்றால் காய்ந்த எச்சமாக வெளியே வருவது கால் பங்கோ கொஞ்சம் கூடவோதான், ஆக தீவனத்தில் 100 இருந்தது எச்சத்தில் 300, 400 ஆகிவிடுகிறது. பண்ணைக்காரர் தவறாக எதுவும் செய்யவில்லை. தீவனத்தில் போகும் டைகால்சியம் பாஸ்பேட் பாறை பாஸ்பேட்டிலிருந்து வருவதால் அதனோடு துளியூண்டு காட்மியமும் வரும்.

கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 5 டன் எரு, ஈரம் போக 4 டன் உலர் எடை, கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஜிங்க் என்று வைத்தால் 1.6 கிலோ. மண்ணில் வருஷத்துக்கு 2 மில்லிகிராம் ஏறும். 20 வருஷம் விடாமல் போட்டால் 40. சாதாரணமாக மண்ணில் இயற்கையாகவே 50, 60 என்ற அளவில் மொத்த ஜிங்க் இருக்கும், அது 100 பக்கம் போய் நிற்கும். ஐரோப்பாவில் கழிவுநீர்ச் சேறு போடும் நிலங்களுக்கு 1986-ல் வந்த விதி ஜிங்க்குக்கு 150 முதல் 300 வரை என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதாவது 20 வருஷத்தில் நிலம் பாழாகிவிடாது. ஆனால் நடப்பது ஒருவழிப் பயணம், ஏறியது இறங்காது.

இதே 5 டன்னில் மணிச்சத்தைக் கணக்கிட்டால்தான் தூக்கிவாரிப்போடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தரும் சராசரிப்படி கோழி எருவில் தழைச்சத்து 3.03 சதவீதம், மணிச்சத்து 2.63, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 1.4. ஐந்து டன்னில் 130 கிலோ மணிச்சத்து! நெல்லுக்குப் பொதுவாக ஏக்கருக்கு 20 கிலோ பரிந்துரைக்கிறார்கள். ஆகவே வருஷா வருஷம் 5 டன் அடிப்பவருக்கு முதலில் எல்லை மீறுவது உலோகம் இல்லை, மணிச்சத்துதான். மணிச்சத்து ஏறினால் பயிர் ஜிங்க்கை எடுக்கத் திணறும். மண்ணில் ஜிங்க் குவிந்துகிடக்கும், இலையில் ஜிங்க் பற்றாக்குறை தெரியும். அதைப் பார்த்துவிட்டு உரக்கடைக்குப் போய் ஜிங்க் சல்பேட் வாங்கிப் போடுவார்கள். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் என்றால் 2.1 கிலோ ஜிங்க், ஐந்து டன் கோழி எருவில் வந்ததைவிட அதிகம். கோழி எரு போடுகிறவர் அந்த மூட்டையை நிறுத்தினாலே ஏறும் வேகம் பாதிக்குக் கீழே வந்துவிடும்.

தாமிரம் நம் லேயர் எருவில் ஜிங்க் அளவுக்கு வராது. வளர்ச்சிக்காக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த தீவனம் என்றால் கதை வேறு. பிராய்லர் குப்பை வாங்கும்போது தீவனத்தில் அது சேர்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஆர்சனிக்? கோழி எரு என்று இணையத்தில் தேடினால் முதலில் பயமுறுத்துவது இதுதான், அது பெரும்பாலும் அமெரிக்கக் கதை. அங்கே ராக்சார்சோன் என்ற ஆர்சனிக் மருந்தைப் பல பத்தாண்டுகள் கறிக்கோழித் தீவனத்தில் கலந்தார்கள். கோழி ஈரலில் கனிம ஆர்சனிக் தெரியவந்ததும் 2011-ல் விற்பனை நின்றது, 2013-ல் அனுமதியையே விலக்கிக்கொண்டார்கள், கடைசியாக மிச்சமிருந்த நைட்டார்சோனும் 2015 முடிவில் போனது. அந்தக் காலத்து எண்களை எடுத்து இன்றைய நாமக்கல் எருவுக்குப் பொருத்திப் பேசுவது சரியில்லை.

லேயர் எருவின் இன்னொரு குணம் சுண்ணாம்பு. முட்டை ஓட்டுக்காகத் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் போவதால் எருவிலும் கால்சியம் நிறைய. அமிலச் செம்மண்ணுக்கு இது வரம், உலோகத்தைக் கட்டிப்போடும். ஏற்கெனவே பி.எச். 8.3 இருக்கும் நிலத்தில் இரும்புச்சத்துக் குறையில் பயிர் வெளுக்கும். பிராய்லர் குப்பையில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவு இல்லை.

மறைமுகச் செலவு: மக்காத எருவின் சூட்டில் நாற்று கருகுவது, ஈ, நாற்றம், பக்கத்து வீட்டுச் சண்டை. அப்புறம் உப்பு. சொட்டுநீரில், மழை குறைந்த வருஷத்தில், உப்பு மேலே வந்து நிற்கும்.

## மாட்டுத் தொழு உரம்

சாணம் சுத்தம் என்ற நம்பிக்கை நமக்கு ரத்தத்தில் ஊறியது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அது உண்மைதான். உலர் சாணத்தில் ஜிங்க் 100 மில்லிகிராம் பக்கம், தாமிரம் 30 பக்கம் என்று வைத்துக் கணக்கிடலாம். பிரச்சினை, அதில் தழைச்சத்தும் குறைவு. தொழு உரத்தில் 0.5 சதவீதம்தான். 50 கிலோ தழைச்சத்து வேண்டும் என்றால் கோழி எரு 1.7 டன் போதும், தொழு உரம் 10 டன் வேண்டும். பாதி ஈரம் போக 5 டன் உலர் எடை, அதில் ஜிங்க் அரை கிலோ. கோழி எரு 1.7 டன்னில், ஈரம் போக, 0.55 கிலோ. வித்தியாசம் அவ்வளவுதான்! தாமிரத்தில் தொழு உரம் கொஞ்சம் முந்தக்கூட வாய்ப்புண்டு.

ஆகவே, கோழி எருவை விட்டுவிட்டு அதே சத்தை முழுக்கத் தொழு உரத்திலிருந்தே எடுக்கிறேன் என்று ஏக்கருக்குப் பத்து, பதினைந்து டன் கொட்டுகிறவர், உலோகக் கணக்கில் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. பரிந்துரையான ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் என்ற அளவில் நிற்கிறவருக்குத்தான் லாபம். வருஷத்துக்குக் கால் கிலோ ஜிங்க், அதில் பாதிக்கு மேல் விளைச்சலோடு போய்விடும்.

எந்த மாடு என்பதும் முக்கியம். மேய்ச்சலில் இருக்கும் நாட்டு மாட்டுச் சாணமும், அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் தின்னும் கலப்பினப் பால்மாட்டுச் சாணமும் ஒன்றாக இருக்காது. ஆனால் தொழு உரத்தில் எனக்குள்ள பெரிய சந்தேகம் மாட்டின் மேல் இல்லை, குப்பைமேட்டின் மேல். வீட்டுக் குப்பை, அடுப்புச் சாம்பல், பெயிண்ட் அடித்த மரம் எரித்த சாம்பல், தீர்ந்த பேட்டரி, உடைந்த பல்பு எல்லாம் போய்ச் சேரும் இடம் அதுதான். ஈயமும் காட்மியமும் சாணத்தில் வருவதைவிட இப்படி வருவது அதிகம். எருக்குழியில் சாணமும் தீவன மிச்சமும் தவிர வேறெதையும் போடாதீர்கள் என்பது செலவே இல்லாத யோசனை.

குழியை வெயிலில் திறந்து போடாமல் நிழலில் மூடி வைத்தால் தழைச்சத்து காற்றில் போவது குறையும். அதே சத்துக்குக் குறைந்த டன் போதும், உலோகமும் அந்த அளவுக்குக் குறையும்.

மறைமுகச் செலவு: லோடு கூலி, இறைக்கிற கூலி, பார்த்தீனியம் உள்ளிட்ட களைவிதை. இப்போதெல்லாம் நல்ல தொழு உரம் கிடைப்பதே பெரும்பாடு.

## கிடை

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (மந்தை ஓட்டிவரும் ஆட்டு இடையர்கள்) அறுவடை முடிந்த வயல்களில் செம்மறிக் கிடை போடுவது நம்மிடம் உள்ளதிலேயே உலோகம் குறைந்த வழி என்பேன். அதற்கு ஒரு உடலியல் காரணம் இருக்கிறது. செம்மறி ஆட்டுக்குத் தாமிரம் ஆகாது. மற்ற கால்நடை தாங்குகிற அளவே செம்மறியின் ஈரலில் சேர்ந்து உயிரைக் குடித்துவிடும், கோழிக்குப்பை போட்ட புல்லில் மேய்ந்து செம்மறி செத்த சம்பவங்கள் வெளிநாட்டுக் கால்நடை மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அதனால் செம்மறிக்கு யாரும் தாமிரம் சேர்த்த தீவனம் கொடுப்பதில்லை. அதிலும் மேய்ச்சல் மந்தைக்கு மூட்டைத் தீவனமே கிடையாது. அவை தின்பது தாளும் புல்லும் சருகும்தான், அதில் என்ன உலோகம் வந்துவிடப் போகிறது?

சத்தும் குறைவில்லை. ஆட்டு எருவில் தழைச்சத்து 3, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 சதவீதம் என்று வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. கோழி எருவின் தழைச்சத்து இருக்கிறது, மணிச்சத்து பாதிக்கும் குறைவு. மூத்திரமும் நேராக மண்ணில் விழுவதால் குழியில் வீணாவது, ஏற்றி இறக்குவது எதுவும் இல்லை.

குறைகள்: கீதாரி வரும் காலத்துக்கு உங்கள் வயல் காலியாக இருக்க வேண்டும், தென்னந்தோப்பும் மஞ்சளும் வைத்திருப்பவருக்கு அது வாய்ப்பதில்லை. சீமைக்கருவேல விதை புழுக்கையோடு வரும். பாசனத்தில் வருஷம் முழுக்கப் பயிர் வைப்பவர் நினைத்த நேரத்தில் நினைத்த அளவு எரு என்று எதிர்பார்க்க முடியாது.

## பசுந்தாள்

தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி. உலோகக் கணக்கில் இதற்கு ஈடு எதுவுமில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து உலோகமே வருவதில்லை. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கிறது, மண்ணில் ஏற்கெனவே இருப்பதை மேலே கொண்டுவந்து அதே மண்ணில் மடக்குகிறது, அவ்வளவுதான். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும்.

ஆனால் இது தழைச்சத்துக்கான பதில் மட்டுமே. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் புதிதாக வராது. அதற்கு உரமூட்டை என்று போனால், பாஸ்பேட் உரத்தில் பாறையிலிருந்து வரும் காட்மியம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் பாஸ்பேட் உரத்தில் மணிச்சத்து ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று உச்சவரம்பு வைத்ததே அதனால்தான். எருவை விட்டு மூட்டைக்குப் போனால் உலோகமே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒன்றரை மாதம் நிலத்தையும் தண்ணீரையும் ஒதுக்க வேண்டும், மறைமுகச் செலவு அதுதான்.

## மாநகராட்சி கம்போஸ்ட், மண்புழு உரம்

இலவசம் என்பதால் கைநீட்டத் தோன்றும். வீட்டிலேயே தரம் பிரித்துச் சேகரித்த காய்கறிக் கழிவு, சந்தைக் கழிவிலிருந்து செய்தது என்றால் பெரிய பயம் இல்லை. கலந்த குப்பையைச் சலித்து எடுத்தது என்றால் நான் கீரைக்கும் காய்கறிக்கும் தொடமாட்டேன்.

இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்ட்டுக்குக் கிலோவுக்கு ஜிங்க் 1000, தாமிரம் 300, ஈயம் 100, காட்மியம் 5 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரம்புக்குள் இருக்கிறது என்றால் வருஷா வருஷம் கொட்டலாம் என்று பொருள் இல்லை. வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்போஸ்ட்டை 5 டன் போட்டால் ஏக்கருக்கு அரை கிலோ ஈயம் போகிறது, ஈயத்தைப் பயிரும் எடுக்காது, மழையும் கொண்டுபோகாது. மூட்டையில் வருவதற்காவது வரம்பு என்று ஒன்று இருக்கிறது. டிப்பரில் வரும் கோழி எருவை யார் சோதிக்கிறார்கள்?

மண்புழு உரமாக்கினால் உலோகம் போய்விடும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. போகாது. மக்கும்போது கரிமம் காற்றில் போய்ப் பொருளின் எடை பாதியாகும், உலோகம் அப்படியே இருக்கும், ஆக ஒரு கிலோவில் அது இரட்டிப்பாகும். சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவுக்கும் இதே விதிதான். மக்கிய கரிமத்தோடு உலோகம் பிணைந்துகொள்வதால் பயிருக்குப் போவது குறையலாம். அது நல்லதுதான், ஆனால் மொத்தத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

பன்றி எரு பற்றி ஒரு வரி: ஐரோப்பாவிலும் சீனாவிலும் தாமிரப் பிரச்சினையின் மூலமே பன்றித் தீவனம்தான். பால் மறந்த குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வராமலிருக்க அதிக அளவில் கொடுத்துவந்த ஜிங்க் ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் நிறுத்தியது. நம் ஊரில் ஓட்டல் மிச்சம் தின்னும் வெண்பன்றிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, மூட்டைத் தீவனப் பண்ணை என்றால் பொருந்தும்.

## ஒரு பார்வையில்

50 கிலோ தழைச்சத்துக்கு எவ்வளவு போட வேண்டும், அதோடு என்ன வரும் என்ற உத்தேசக் கணக்கு இது. ஜிங்க் அளவு பண்ணைக்குப் பண்ணை மாறும்.

| எது | வேண்டிய அளவு | கூடவே வரும் மணிச்சத்து | கூடவே வரும் ஜிங்க் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| லேயர் கோழி எரு | 1.7 டன் | 44 கிலோ | 0.55 கிலோ | உப்பு, சுண்ணாம்பு |
| தொழு உரம் | 10 டன் | 20 கிலோ | 0.5 கிலோ | குப்பைமேட்டு ஈயம், களைவிதை, கூலி |
| ஆட்டு எரு, கிடை | 1.7 டன் | 17 கிலோ | 0.15 கிலோ | கிடைக்கும் காலம், கருவேல விதை |
| நகரக் கம்போஸ்ட் | 3.6 டன் | 36 கிலோ | வரம்பைத் தொட்டால் 3.6 கிலோ | ஈயம், கண்ணாடி, பிளாஸ்டிக் |
| தக்கைப்பூண்டு | ஒரு பருவம் | இல்லை | இல்லை | நிலம், தண்ணீர் |

## எருவின் மேல் பழி போடும் முன்

உங்கள் தெளிப்பானையும் பாருங்கள். ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் 2 கிலோ மயில்துத்தம், அதில் அரை கிலோ தாமிரம். லேயர் எருவில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் தாமிரம் என்று வைத்தால் 5 டன்னில் கால் கிலோ. ஒரே ஒரு தெளிப்பு இரண்டு வருஷத்து எருவுக்குச் சமம்! திராட்சை, வெற்றிலை, காபி, தேயிலை வைத்திருப்பவர்கள் தாமிரத்துக்கு எருவைக் குறைசொல்லிப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தாமிர மருந்துக்கு ஏழு வருஷத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோதான் என்று எல்லை கட்டியிருக்கிறது. மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி அடித்தால் அதிலும் ஜிங்க் இருக்கிறது.

## யாருக்கு எது?

செம்மண்ணில் நிலக்கடலை (திருவண்ணாமலை, விழுப்புரம் போல): இங்கேதான் நான் கறாராக இருப்பேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறிக்கோழிப் பண்ணையும் கடலையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், கோழிக்குப்பை போட்ட பழைய நிலங்களில் ஜிங்க் ஏறிக் கடலை அடிவாங்கியதை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். செடி குட்டையாகும், தண்டு ஊதா நிறமாகிப் பிளக்கும். பி.எச். 6-க்குக் கீழே போனால்தான் இது தீவிரமாகும். ஆகவே கடலைக்குக் கிடையும் அளவான தொழு உரமும். கோழி எரு போட்டே ஆக வேண்டும் என்றால் சுழற்சியில் வரும் வேறு பயிருக்கு, அதுவும் லேயர் எரு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை.

கொங்குச் சுண்ணாம்பு நிலத்தில் மஞ்சள், மக்காச்சோளம், தென்னை: கோழி எருவை விட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டு மண்ணில் பெரும்பரப்பு ஜிங்க் பற்றாக்குறை உள்ளது, ஆக எருவில் வரும் ஜிங்க் ஆரம்பத்தில் மருந்துதான். 2 டன்னுக்கு மேல் போகாமல், ஜிங்க் சல்பேட்டை நிறுத்தி, ஒரு வருஷம் கோழி எரு, ஒரு வருஷம் சணப்பு என்று மாற்றினால் மணிச்சத்தும் கட்டுக்குள் இருக்கும். (மஞ்சளில் ஈயம் என்று செய்தி வந்தால் எருவுக்கு முன்னால் பாலிஷுக்குப் போடும் மஞ்சள் நிறமியைச் சந்தேகியுங்கள்.)

டெல்டா நெல்: கோடையில் கிடை, தண்ணீர் வந்ததும் தக்கைப்பூண்டு. கோழி எருவை வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவரக் காரணமே இல்லை.

நீலகிரி, கொடைக்கானல் காய்கறி: மண் அமிலம், எருவும் நிறைய, மருந்தும் நிறைய. இருப்பதிலேயே மோசமான சேர்க்கை இதுதான். பிராய்லர் குப்பையைவிட லேயர் எரு இங்கே மேல், அதன் சுண்ணாம்பு உதவும். பி.எச். 6-க்குக் கீழே போகாமல் தனியாகவும் சுண்ணாம்பு இட வேண்டும்.

நகர ஓரத்தில் கீரை: தெரிந்த வீட்டு மாட்டுச் சாணம். கம்போஸ்ட் வேண்டாம்.

ஒரு வருஷக் குத்தகை: குத்தகைக்காரருக்கு மலிவான சத்து கோழி எருதான், அவர் அதைத்தான் போடுவார், அதில் தப்பும் இல்லை. சேர்ந்த உலோகம் நிலத்துக்காரர் கணக்கில் நிற்கும் என்பதால், ஏக்கருக்கு இத்தனை டன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது நிலத்துக்காரர்.

## மண்வள அட்டையை மறுபடி எடுத்துப் பாருங்கள்

2015-ல் வந்த மண்வள அட்டையில் உள்ள 12 அளவீடுகளில் ஜிங்க்கும் தாமிரமும் பி.எச்.சும் ஏற்கெனவே இருக்கின்றன. எல்லோரும் அதில் பற்றாக்குறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகக் கணக்கில் பயிருக்குக் கிடைக்கும் ஜிங்க், தாமிரம் இரண்டுக்குமே எல்லைக்கோடு கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், அதற்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை. உங்கள் அட்டையில் அது 6, 8, 10 என்று நின்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஜிங்க் மூட்டை வாங்குவதை இன்றே நிறுத்தலாம் என்று ஒரு அர்த்தம், எருவின் டன்னைக் குறைக்கலாம் என்று இன்னொன்று. பழைய அட்டை இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். ஈயம், காட்மியம், ஆர்சனிக் அந்த அட்டையில் வராது. பல வருஷம் நகரக் கம்போஸ்ட் போட்ட நிலம், தொழிற்சாலைக் கழிவு வந்த நிலம் என்றால் மட்டும் காசு கொடுத்துத் தனி ஆய்வகத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே ஏறிவிட்ட நிலத்தில் உலோகத்தை வெளியே எடுக்க மலிவான வழி இல்லை. உலோகத்தை உறிஞ்சும் செடி வளர்த்து எடுக்கலாம் என்பார்கள். பயிர் எடுப்பதே வருஷத்துக்கு நூறு, நூற்றைம்பது கிராம் எனும்போது, பல கிலோவை இறக்க எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். செய்யக்கூடியது மூன்றுதான்: பி.எச்.சை 6.5-க்கு மேல் வைத்திருப்பது, தழைச்சத்தைப் பசுந்தாளுக்கு மாற்றிப் புதிதாக உலோகம் வராமல் நிறுத்துவது, கடலையும் கீரையும் விட்டு மக்காச்சோளம், தீவனப்பயிர், தென்னை என்று தாங்குகிற பயிருக்குப் போவது. தீவனப்பயிர் என்று போகிறவர்கள் அந்தத் தட்டையைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள், மாட்டுக்குக் கொடுங்கள். அந்தச் சாணத்தை மறுபடி அதே வயலில் கொட்டாமல் இருந்தால், கொஞ்சமாவது வெளியே போகும்.